நீக்கியவை

கணினி செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
முதலில் நீலத்திரை, அப்புறம் கறுப்பு,
அப்புறம் அதில் என் முகம் மட்டும்.
இயங்குதளத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும், வேறு வழியில்லை
என்றான் மீன்சந்தைக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் நெஃப்தாலி.
பழைய வன்தட்டைக் கழற்றி
ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தான்,
பிடுங்கிய பல்லைக் கொடுப்பதுபோல.

வால்திவியாவில் அன்று பதினேழாம் நாள் மழை.

நான் படகு மோட்டார் பாகங்கள் விற்பவள்.
புரொப்பெல்லர், ஸ்பார்க் பிளக், பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரம்.
அலமாரியில் இருப்பதெல்லாம் இரும்பு;
வியாபாரம் இருப்பது முகவரிகளில்.

புதுத்திரை 'வணக்கம்' என்றது. பெயர் கேட்டது.
பதினொரு வருடம் என் மேசையில் இருந்துவிட்டு
பெயர் கேட்கிறது.

அஞ்சல்பெட்டி கழுவிக் கவிழ்த்த தட்டு.
முன்பெல்லாம் 'மெ' என்று தட்டினால் போதும்,
கொரால் துறைமுகத்து மெர்செதிதாஸ் ஓடிவந்து நிற்பாள்.
இப்போது 'மெ' வெறும் 'மெ'தான்.
ஆட்டுக்குட்டி மாதிரி.

ராத்திரி கடையைச் சாத்திவிட்டு
டப்பாவைக் கேபிளில் மாட்டினேன்.
கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று;
கடைசியில் அர்த்தமே இல்லாத எட்டு எழுத்தைப்
பெயராய் வைத்துக்கொண்டு
என் ஆயுசு கிடந்தது.
நகலெடு என்றேன்.
பச்சைப் பட்டை நகர்ந்தது,
நகராமல் நின்றது,
நான் விறகு போட்டுவிட்டு வந்தபோதும் நின்றது.
பொறுமை போய் இன்னொரு தரம் அழுத்தியது தப்பு.

தொடர்புகள் வந்தார்கள், எல்லோரும் இரண்டிரண்டாக.
இரண்டு வங்கி, இரண்டு சுங்க அலுவலகம்,
போன குளிர்காலம் அடக்கம் பண்ணிய
தோன் ஆபெல்கூட இரண்டு.
தனியாகச் சிரித்தேன்.

அப்புறம் அஞ்சல்கள்.
பட்டியலின் நடுவில் தடித்த எழுத்தில்,
படிக்காதவை என்று முப்பத்தொன்று.
எல்லாம் ஓவிதியோ.

அம்மாவின் படகை விற்ற வருடம் அது.
அவன் புந்தா அரேனாஸிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தான்;
நான் ஒரு ஞாயிறு மாலை
முப்பத்தொன்றையும் சேர்த்துப் பிடித்து நீக்கினேன்,
குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.
முகவரிப் புத்தகத்திலிருந்தும் அவனை எடுத்தேன்.
கை கழுவினேன், நிஜமாகவே, சோப்புப் போட்டு.

நீக்கு என்றால் நீக்குவதில்லையாம்.
நெஃப்தாலி மறுநாள் சொன்னான்:
இங்கே யாருமில்லை என்று ஒரு குறி போடும், அவ்வளவுதான்;
கோப்பைச் சுருக்கும்வரை அவர்கள் உள்ளேயேதான் இருப்பார்கள்.
சுருக்கவா, சுருக்கவா என்று
ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது.
பிறகு, பிறகு என்று தள்ளியது நான்தான்.
வேறு காரணமில்லை, சோம்பல்.
சோம்பல் என்றுதான் அவனிடமும் சொன்னேன்.

முதல் முப்பதைத் திறக்கவில்லை.
தலைப்புகளே போதும்:
'கணக்கு', 'மறுபடி கணக்கு', 'நீ எப்போதுமே'.

கடைசியில் ஒன்று, தலைப்பில்லாதது.
பணம் பற்றி ஒரு சொல் இல்லை.
'வடகாற்று அடிக்கும்போது அடுப்பு இன்னமும்
வீட்டுக்குள் புகைகிறதா?
குழாயின் தொப்பியைக் கால்வட்டம் திருப்பி வை.
அதைத் தப்பாக மாட்டியது நான்தான்.
அவசரத்தில் மாட்டினேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.'

அண்ணாந்து பார்த்தேன்.
ஆறு குளிர்காலமாக நான் வைதுகொண்டிருந்த கறை
அடுப்பிலிருந்து ஜன்னல்வரை போயிருந்தது,
அடையாளம் தெரியாத ஒரு நாட்டின் வரைபடம்போல.
விறகு ஈரம் என்று விறகுக்காரனிடம் சண்டை வேறு.

பதில் எழுதும் பொத்தானை அழுத்தவில்லை;
பழைய அஞ்சலின் வாலில் தொங்க மனசில்லை.
புதிதாக ஒன்று திறந்தேன்.
'ஓ' என்று தட்டினேன். யாரும் வரவில்லை.
முழு முகவரியையும் விரல் எழுதியது,
புள்ளி, கீழ்க்கோடு,
அவன் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு எண்.
எனக்கு மறந்திருந்தது, விரலுக்கு இல்லை.

'புகைகிறது' என்று எழுதினேன்.
அதற்குமேல் வரவில்லை. அனுப்பினேன்.

இவர் உங்கள் தொடர்புகளில் இல்லை,
சேர்க்கவா? என்றது திரை.

அதை அப்படியே கேட்கவிட்டு
ஏணி எங்கே என்று தேடப் போனேன்.
மழை விட்டபாடில்லை.
கூரை வழுக்கும்.